ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சு வண்டி

குடும்ப ஸ்தோத்திரக் கூட்டம் என்றாலே ஜெனிலாவுக்கு வயிறு எரியும். வருஷா வருஷம் தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில், மூத்த வகையறாவைச் சேர்ந்த பெரியப்பா சுந்தரராஜ் வீட்டில்தான் நடக்கும். பாட்டு, ஜெபம், பிறகு ஆட்டுக்கறிச் சாப்பாடு. முதல் பந்தியில் மூத்த வகையறா உட்காரும். ஜெனிலாவின் அப்பா செல்வதுரை இளைய வகையறா. ஹார்பரில் இருபது பேரை வேலை வாங்குகிற மனுஷன், இங்கே வந்தால் குழம்பு வாளி தூக்கி எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, இரண்டாம் பந்தியில் எலும்பு பொறுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் காரணம் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதியிருந்தது. சாப்பாட்டுக்கு முன் சுந்தரராஜ் அதை வாசிப்பார். "1862. கர்த்தர் பஞ்சு வியாபாரத்தை ஆசீர்வதித்தார். வீடு கட்டினோம். 1865. இளையவன் இயேசுவடியான் ஓய்வுநாளில் தூத்துக்குடிக்குப் பஞ்சு வண்டி பூட்டினான். அந்த மாதமே விலை விழுந்தது. கர்த்தர் தண்டித்தார்."

இளைய வகையறாவின் மூதாதை என்றைக்கோ ஓட்டிய ஒரு மாட்டுவண்டிக்காக அப்பா இன்றைக்கும் வாளி தூக்குகிறார். அவருக்கும் ஒரு வாய் இருக்கிறதே, அதைத் திறந்தால்தான் என்ன என்று ஜெனிலா பல்லைக் கடித்துக்கொள்வாள்.

இந்த வருஷம் வாசித்து முடித்ததும் சுந்தரராஜ் அவள் பக்கம் திரும்பினார். "ஏளா, காலேஜுல என்னமோ அமெரிக்கா சரித்திரம் படிக்கியாமே? அதப் படிச்சு யாருக்கு என்ன லாபம்? பேசாம பி.காம் படிச்சிருக்கலாம்லா?"

முதல் பந்தி முழுக்கச் சிரித்தது. அப்பாவும் வாளியோடு நின்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அதுதான் அவளைச் சுட்டது.

அவளும் ஆரம்பத்தில் அந்தப் பாடத்தைத் திட்டியவள்தான். ஜனாதிபதிகளின் பேரை உருப்போட்டால் மறுநாளே மறந்துபோகும். ஒருநாள் கோபத்தில் நோட்டை விரித்து, இடப்பக்கம் அங்கே நடந்ததையும் வலப்பக்கம் அதே மாதம் நம் ஊரில் நடந்ததையும் எழுதிப் பார்த்தாள். நூலகத்தில் தூசி தட்டிப் பழைய பஞ்சு விலைப் பட்டியல்களையும் எடுத்தாள். அதன் பிறகு அந்தப் பாடம் மறக்கவே இல்லை.

"லாபத்தச் சொல்லுதேன் பெரியப்பா," என்று எழுந்தாள். "ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொண்ணுல அமெரிக்காவுல உள்நாட்டு யுத்தம். அங்கன உள்ள பஞ்சு வெளிய போவல. மில்லு வச்ச வெள்ளக்காரன் நம்ம பஞ்சுக்குப் பறந்தான். அறுபத்தஞ்சுல யுத்தம் முடிஞ்சிச்சு, விலை விழுந்திச்சு. பம்பாய்ல பெரிய பெரிய முதலாளியே தெருவுக்கு வந்தான். அவனெல்லாம் ஞாயித்துக்கெழம வண்டி பூட்டுனானா?"

"வாய மூடுளா. வேதத்துல எழுதியிருக்கு."

"வேதத்துல இல்ல, அட்டைக்கு அடுத்த பக்கத்துல நம்ம தாத்தாவோட தாத்தா எழுதுனது. அங்கன தோத்த பக்கத்துத் தளபதி சரணடைஞ்சதும் ஒரு ஞாயித்துக்கெழமதான். அதுக்கும் எங்க அப்பாதான் வாளி தூக்கணுமா?"

சுந்தரராஜின் முகம் கறுத்தது. ஆனால் அவர் முட்டாள் இல்லை. "அப்போ விலை ஏறுனதும் யுத்தத்தாலதானா? இந்த வீடு செத்தவன் பொணத்து மேல கட்டுனதுங்கியா?"

அதை அவள் சொல்ல வேண்டாம் என்றுதான் வந்திருந்தாள். அவர் கேட்டுவிட்டார்.

"ஆமா பெரியப்பா. தண்டன அங்கயிருந்து வந்துதுன்னா, ஆசீர்வாதமும் அங்கயிருந்துதான் வந்திருக்கு."

"இனி இந்த வாசப்படி மிதிக்காத," என்றார் சுந்தரராஜ்.

அப்பா அவளை அறையப் போகிறார் என்றுதான் ஜெனிலா நினைத்தாள். அவர் வாளியைத் தரையில் வைத்தார். முதல் பந்தியில் காலியாக இருந்த இலையின் முன் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"செல்வதுரை, அது மூத்த வகையறா எல," என்றார் சுந்தரராஜ்.

"யுத்தம் முடிஞ்சு நூத்தியறுவது வருசமாச்சுண்ணே," என்றார் அப்பா. "சாப்பிட்டுட்டுப் போயிருதோம். அதுக்கப்புறம் வரல."

ஜெனிலா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாளி நடுக்கூடத்தில் கிடந்தது. இளைய வகையறாவில் ஒருத்தரும் அதைத் தொடவில்லை. மூத்த வகையறாவுக்குத் தொட்டுப் பழக்கமில்லை. பிள்ளைகள் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு பார்த்தன.

கடைசியில் சுந்தரராஜே வந்து வாளியைத் தூக்கினார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினார்.