தொண்ணூறு கிராம்

அச்சு மாற்றிய அன்று சோப்புக் கம்பெனியின் பேக்கிங் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: எடை பார்க்கும் தராசக்கா, உறை சுற்றும் அவளுடைய நாத்தனார், அச்சு மாட்ட வந்த ஃபிட்டர், யாரையாவது மாட்டிவிடக் காத்திருக்கும் சூப்பர்வைசர்.

மெஷினிலிருந்து விழுந்த முதல் கட்டியைத் தராசக்கா தட்டில் வைத்தாள். தொண்ணூறு கிராம். நேற்று வரை நூறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது நூற்றிருபத்தைந்து. உறையும் விலையும் மட்டும் அப்படியே.

"மீதி எங்கண்ணே போச்சு? பார்த்தா அதே சைஸ்தானே இருக்கு?"

ஃபிட்டர் கட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பக்கம் குழிந்திருந்தது.

"விலையை ஏத்துனா சண்டைக்கு வருவாங்கம்மா. குழியைப் பெருசாக்குனா குளிச்சிட்டுப் போயிடுவாங்க."

தராசக்கா குழிக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்த்தாள். யோசித்தவன் கெட்டிக்காரன்தான்.

சுவரில் குறைந்தபட்சக் கூலி நோட்டீஸ். அதிலும் ஆறு வருஷமாக ஒரே எண். தொங்கவிடத்தான் சட்டம்போல. அந்த எண்ணுக்கு அடியில் எவ்வளவு பெரிய குழி இருக்கும்? வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அடுத்த மாதம் இன்னும் ஏற்றுகிறாளாம் வீட்டுக்காரம்மா. முடியாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் தினமும் மூன்று மணிக்கு மேல் தரை துடைக்க ஆள் தேடினார்கள். இங்கே விடுவதோ நாலரைக்கு. சீக்கிரம் போக இரண்டு தடவை கேட்டும் சூப்பர்வைசர் அசையவில்லை. இன்று மூன்றுக்குள் போய் நிற்காவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு.

"ஏண்டி, நூத்திருபத்தஞ்சு தொண்ணூறா ஆச்சுன்னா, எட்டு மணி நேரம் எவ்வளவா ஆகும்?"

நாத்தனார் அட்டைப்பெட்டி ஓரத்தில் கணக்குப் போட்டாள். "அஞ்சே முக்கால். எதுக்கு அண்ணி?"

"காலையில எட்டு மணியிலேர்ந்து, சாப்பாட்டு அரை மணியும் சேர்த்தா?"

"ரெண்டே கால்."

"அப்ப ரெண்டே காலுக்கு நான் கிளம்பறேன்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? இருக்கறதும் போயிடும்."

"போகுதான்னுதான் பார்க்கணும்."

இரண்டே காலுக்கு ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"மகாராணி எங்க கிளம்பியாச்சு?"

அவள் ஒரு கட்டியைக் கவிழ்த்து அவர் கையில் வைத்தாள். "இதே மாதிரிதான் சார் நானும். பேரு முழு நாளு, விலையும் அதே. உள்ள மட்டும் கொஞ்சம் குழி."

ஃபிட்டர் ஸ்பானரைத் தேடுகிற சாக்கில் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"சோப்பு வாயாடாது," என்றார் சூப்பர்வைசர். "நீ ஆடற. வேலை குறைஞ்சா கூலியும் குறையும்."

"அது எப்பவோ குறைஞ்சாச்சே சார்."

அவர் முகம் கறுத்தது. "போ. நாளைக்கு உள்ள விடறதா வேணாமான்னு நான் பார்த்துக்கறேன்."

"பாருங்க. ரெண்டே கால் வரைக்கும் எடை போட்டதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். எடைச் சீட்டுல என் கையெழுத்துதான் செல்லும். மிச்சத்துக்கு நாளைக்கு நான் வந்து போட்டாத்தான் லாரி கிளம்பும்."

அவருக்கு அது அப்போதுதான் உறைத்தது. என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டுவிட்டுப் போக அவளுக்கும் ஆசைதான், நேரமில்லை. நாத்தனாரிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் சூப்பர்வைசர் கதவை அறைந்து சாத்தினார். உள்ளேயிருந்து சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.