மார்சலி வீட்டுக்குப் போன கிடேரி

ஸ்கை தீவின் வடக்கு மூலையில் ஃபெரகரின் வீம்பைத் தெரியாதவர் கிடையாது. ஊருக்குப் பொதுவாக ஒரு காளை வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். போன குளிர்காலக் கூட்டத்தில், சடைமுடியும் நீளக் கொம்புமாக நம் மலைநாட்டுக் காளைதான் வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். பக்கத்து வீட்டு மார்சலியோ, சதை போடும் அயல்நாட்டுக் காளைக்குக் கை தூக்கிவிட்டாள். அந்த ஒரு கையால் மனிதன் தோற்றுப்போனான். அதுவரை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவன் அன்றோடு பேச்சை நிறுத்தினான். அவள் மாட்டோடு இனி என் மாடு நிற்காது என்று சபதம் வேறு.

அந்த ரோஷத்தில், இருந்த கிழட்டுப் பசுக்களை விற்றுவிட்டு, தீவின் தென்கோடிக்குப் போய் ஒரு மலைநாட்டுக் கிடேரியை வண்டியில் ஏற்றி வந்தான். செம்பட்டை முடி கண்ணை மறைக்க, அழகுதான், இல்லை என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் வளர்ந்தது, ஒற்றையில் விட்டால் நிலைகொள்ளாது, அக்கம்பக்கத்து மாடுகளோடு மலையில் மேய விடு என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவன் தலையை ஆட்டிவிட்டு வந்து, வீட்டுக்குக் கீழே கல்சுவர் வயலில் தனியாக அடைத்தான். ஊர் பார்க்க வேண்டும், ஆனால் ஊரோடு சேரக் கூடாது. இது என்ன நியாயமோ!

கிடேரி பகலெல்லாம் கத்தியது. மனைவி எஃபி எடுத்துச் சொன்னபோது, எல்லாம் பழகிவிடும் என்று வாயை அடைத்தான். காலையில் எழுந்து பார்த்தால் முழங்கால் வரை சேற்றோடு வயலில் நிற்கும். சேறு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் நாளில் ஊரே விடியும் முன் பட்டியில் கூடிவிடும். அன்று ஃபெரகர் எழுந்தபோது வயல் காலி. மார்சலியின் மாடுகளுக்கு நடுவே கிடேரி நின்றிருந்தது. பட்டிக்குப் போனான். மார்சலி கத்தரித்த ரோமத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"காளையைப் பறிச்சது போதலையா? தீனி காட்டி என் கிடேரியையும் இழுத்து வெச்சிருக்கே. திருட்டுக் கை."

அத்தனை பேர் முன்னால் சொன்னான். மார்சலி கையைத் துடைத்தாள், கோட்டை எடுத்துக்கொண்டாள், போய்விட்டாள்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த எஃபி கெட்டிலைக் கீழே வைத்தாள். "அது தினம் ராத்திரி சுவரைத் தாண்டி அங்கதான் போகுது. நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள கயிறு கட்டிக் கொண்டாந்து விடுறது அவங்க. உங்க மானம் போகக் கூடாதாம். இன்னிக்கு இங்க சீக்கிரம் வர வேண்டியதாப் போச்சு, அவ்வளவுதான்."

ஃபெரகருக்குக் காது மடல் வரை எரிந்தது. யாராவது திட்டியிருந்தால் தேவலை. எல்லோரும் குனிந்து ஆட்டைப் பார்த்தார்கள். கூனிக் குறுகி அங்கிருந்து நடந்தான்.

மார்சலியின் மாடுகளுக்கு நடுவே கிடேரி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து அது இப்படி அமைதியாகப் படுத்து அவன் பார்த்ததில்லை. அதைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. மார்சலி வாளியோடு வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, தப்பு என் மேலதான்," என்றான், தரையைப் பார்த்தபடி. "இது உங்க மாட்டோடயே இருக்கட்டுமா?"

"அது இருக்கட்டும். அது என்னைத் திருடின்னு சொல்லலை." வாளியை இறக்கி வைத்தாள். "நீ அங்க உரக்கச் சொன்னதை இங்க வந்து முணுமுணுக்கிறே. இங்க யாரு இருக்கா கேக்க?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பட்டிக்குத் திரும்பும் வழி அவ்வளவு நீளம் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. வழியெல்லாம் வார்த்தைகளைத் தேடினான். கொஞ்சம் மானம் மிச்சப்படும்படி ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. பட்டி வாசலில் நின்றான். கத்தரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேசினான், குரல் எழும்பவில்லை.

"கேக்கலை," என்றாள் எஃபி. "அப்ப சொன்ன மாதிரி சத்தமாச் சொல்லுங்க."