கல்யாண ஸ்டுடியோவில் ஒரு சதுரங்கம்

"சார், ரொம்ப வேகமா யோசிக்கிற மெஷின் வந்தா, அது உங்களை ஜெயிச்சிடுமா?"

மூன்றாம் வகுப்புச் சிறுமியாக கவிநிலா இதை ஒரு கோடை முகாமில் கேட்டாள். மாநிலப் பட்டம் வென்ற கையோடு வந்திருந்த இளைஞர் சக்கரபாணி, "கால்குலேட்டர் வேகமா கணக்கு போடுதுன்னு அதை வாத்தியார் ஆக்கிடுவாங்களா?" என்றார். மண்டபமே சிரித்தது. மறுநாள் அவள் வரவில்லை.

இன்று அவர் கிராண்ட்மாஸ்டர். அவள் வேங்கிக்காலில் வீட்டிலிருந்தபடி மென்பொருள் எழுதுகிறவள். ஓய்வு நேரத்தில் பல வருடமாகத் தானே ஒரு சதுரங்க ப்ரோகிராம் எழுதி, லேப்டாப்போடு அவரை அடிக்கடி தேடி வந்தாள். பழையதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோ ஒவ்வொரு முறையும் மன்னிப்பு கேட்க நினைத்து, காய்களை அடுக்கத் தொடங்கிவிடுவார். ஆட்டங்களில் மட்டும் அவரே ஜெயித்தார்.

"எழுதினது தப்பா, லேப்டாப் மெதுவான்னு தெரியணும் சார். வேகமான மெஷின்லயும் தோத்துட்டா இதை மூட்டை கட்டிடறேன்."

ஊரிலேயே வேகமான மெஷின் அருண்பிரசாத்தின் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் இருந்தது. ஆடி மாதம், கல்யாணம் இல்லை. மெஷின் சும்மா கிடந்தது.

"போன்ல ஃப்ரீயா கிடைக்கறதே உலக சாம்பியனை அடிக்குதாம். உனக்கு ஏன்க்கா இந்த வேலை?" என்றான் அருண்பிரசாத்.

"கடையில இட்லி கிடைக்குதுன்னு உங்க வீட்ல அடுப்பு பத்த வைக்கலையா?"

"எங்க வீட்டு இட்லியைப் பத்தி மட்டும் பேசாத."

சிரித்துக்கொண்டே பலகையின் பக்கத்தில் ஆட்டக் கடிகாரத்தை வைத்தாள். "மெஷின்ல எது கோளாறானாலும் என் நேரம் ஓடட்டும் சார். சலுகை வேணாம்."

ஆட்டம் தொடங்கியது. மெஷின் சொல்வதை அவள் பலகையில் நகர்த்தினாள். போன மாதம் லேப்டாப் தடுமாறிய அதே நிலை வந்ததும் சக்கரபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். மெஷின் தன் யானையைச் சும்மா விட்டுக்கொடுத்தது.

பிழை என்று நினைத்து வெட்டினார். சில நகர்வுகள் போன பிறகுதான் புரிந்தது. அவருடைய ராஜாவுக்குப் போக இடமில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து இதைப் பார்த்திருக்கிறது! மலை உச்சியில் தீபம் ஏற்றும் நொடியில் பேச்சை மறக்கும் கூட்டத்தில் ஒருவர்போல அவர் கைகள் தானாகக் குவிந்தன.

"ஏதாவது மாத்தினியாம்மா?"

"ஒரு எழுத்துகூட மாத்தலை சார். அதே ப்ரோகிராம்தான்."

மாறியது பார்க்கும் தூரம் மட்டும்தான். அவள் எழுதியது ஆரம்பத்திலிருந்தே சரியாக இருந்திருக்கிறது. ஓடத்தான் இடம் கிடைக்கவில்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் அவர் நெஞ்சு பொங்கியது.

அப்போது கரண்ட் போனது. யுபிஎஸ் ஒருமுறை கூவிவிட்டு அடங்கியது. திரை கறுத்தது. மெஷினின் முறை, பேட்டரியில் ஓடும் கடிகாரம் அதன் கடைசி நிமிடங்களைத் தின்னத் தொடங்கியது.

"ஜெனரேட்டர்!" என்று அருண்பிரசாத் கீழே ஓடினான். "நான் டார்ச் பிடிக்கறேன்" என்று கவிநிலாவும் பின்னால் ஓடினாள்.

அறையில் சக்கரபாணி மட்டும் இருந்தார். கீழே ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. அது கிளம்பவில்லை. மறுபடி இழுத்தான். நேரம் தீர்ந்தால் ஆட்டம் அவருக்கு. சொன்னபடி அவளும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவாள். கேட்டால், கடிகாரத்தை நிறுத்தவும் சம்மதிக்கமாட்டாள்.

அவர் கை நீட்டிக் கடிகாரத்தை நிறுத்தினார்.

ஜன்னலுக்கு வெளியே மலை மேகத்துக்குள் இருந்தது. கீழே அருண்பிரசாத் ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து அது உறுமியது; விளக்கு வந்தது. படியில் அவள் ஓடிவரும் காலடி கேட்டதும், கடிகாரத்தை ஓடவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.