முன்னறையில் நின்ற ஏணி

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால், உட்கார இடமில்லாமல் பிறந்தது.

வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். நாற்காலிகள் எல்லாவற்றின் மீதும் அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. எனக்கோ எழுத வேண்டும்போல் இருந்தது. (வேலை இருக்கும்போது மட்டும் எனக்கு இப்படித் தோன்றும்.) பின்னறையிலிருந்து என் மனைவியின் ஏணியை இழுத்துவந்து, முன்னறை ஜன்னலோரம் விரித்து, இரண்டாவது படியில் உட்கார்ந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு சௌகரியம். முதல் வாக்கியமும் வந்தது:

'ஒரு வீட்டைக் காலி செய்வதென்பது, ஒரு

அதோடு சரி. மிச்சம் வரவில்லை. தேநீர் போட எழுந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வேண்டாத சாமான்களை எடுத்துக்கொண்டு போய், தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் நிலையத்து வண்டி.

எங்கள் வீட்டுச் சட்டம் இது: முன்னறையில் இருப்பது போகும், பின்னறையில் இருப்பது நம்மோடு வரும். வண்டிக்காரருக்கும் அதையேதான் சொல்லியிருந்தோம். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். நான்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். 'ஒரு' என்பதற்கு அடுத்த சொல் என்ன என்று யோசித்துக்கொண்டு. ஏணி என்னைக் கடந்து போனபோது, "பார்த்துப்பா, நிலையில இடிக்கப் போகுது" என்று அக்கறையாக வழிகூட காட்டினேன்.

வண்டி போன பிறகு உட்கார வந்தேன். உட்கார இடமில்லை.

2

இப்போது அவளை அறிமுகம் செய்ய வேண்டும். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அவள் ஒளியின் மகள்.' (கேட்டால் சிரிப்பாள். அடித்துவிட்டேன்.)

'அவள் வெகு சாதாரணமான பெண்.' (கேட்டால் சிரிக்கமாட்டாள். இதை இன்னும் வேகமாக அடித்தேன்.)

சரி, உள்ளபடியே சொல்கிறேன். அவள் நாடக அரங்கு ஒன்றில் விளக்கு அமைப்பவளாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மேடைக்கு மேலே உயரத்தில் தொங்கும் விளக்குகளை ஏணியில் ஏறித் திருப்பி, எந்த நடிகர் மூக்கில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று முடிவு செய்தவள். என் முதல் நாடகத்தின் ஒத்திகையில்தான் அவளைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், செருப்பைப் பார்த்தேன். மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது: "இதை யார் எழுதினது? ரொம்ப நீளம். என் விளக்கே சூடாகுது."*

* கல்யாணத்துக்குப் பிறகும் இந்த விமர்சனம் மாறவில்லை.

ஓய்வு பெற்ற நாளில் அரங்கத்துக்காரர்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஏணியைக் கேட்டு வாங்கி வந்தாள். எங்கள் வீட்டின் கூரை உயரம். பல்பு, ஒட்டடை, பரண், திரைச்சீலை, எல்லாவற்றுக்கும் அவள்தான் ஏறுவாள். எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும், கீழே நின்று பிடித்துக்கொள்வேன். தரையில் இருக்கும்போது அவளுக்கு நான் 'நீங்க'. இரண்டு படி ஏறிவிட்டால் 'யோவ்'. என் முகத்தைப் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிடுவாள்: "யோவ், கதை யோசிக்கிற. கை தளருது."

எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறேன். "ஏணிக்குத் தெரியும்" என்பாள்.

3

வீடு மாறுவது என் யோசனை. மாடிப்படிக்கும் என் முழங்காலுக்கும் ஒத்துப்போகவில்லை. மகள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை அறை? கீழ்த்தளத்தில் இரண்டே அறைகள் உள்ள வீடு ஒன்றைப் பார்த்தோம். கூரை தாழ்வு. அவள் உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தாள்.

"உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றேன்.

"பார்க்கலாம்."

அன்றிலிருந்து எத்தனை விதமாகக் கேட்டும் இந்தப் 'பார்க்கலாம்'தான். எனக்காக வருகிறாளா, விரும்பி வருகிறாளா? எனக்குத் தெரிய வேண்டியது இந்த ஒரே கேள்விக்குப் பதில்தான். இந்தக் கதையும் அதற்காகத்தான். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏணியில் தடுக்கி விழுந்துவிட்டேன்.

இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் அவரவர் சாமானை அவரவர் பிரித்தோம். சாயங்காலம் பார்த்தால் மொத்த வீடும் பின்னறையில் இருந்தது. செத்துப்போன பல்புகளுக்கு அவள் பக்கம் நியாயம் இருந்தது, செத்துப்போன கதைகளுக்கு என் பக்கம். ஆகவே சட்டத்தைத் திருத்தினோம்: என் சாமானில் எது போக வேண்டும் என்று அவள் சொல்வாள், அவள் சாமானை நான். மேல்முறையீடு கிடையாது. அவள் அன்றைக்கே என் பழைய கைப்பிரதிகளை எல்லாம் தூக்கிக் கண்ணாடிக் கோப்பைகளைச் சுற்ற வைத்துக்கொண்டாள். "இப்பவாவது எதையாவது காப்பாத்தட்டும்."

இப்போது ஏணி போன நாளுக்கு வருவோம்.

"ஏணி எங்கங்க?"

"அது வந்து... வண்டியில போயிடுச்சு."

அவள் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள். நான் காதைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"ஓ" என்றாள். ஜன்னலோரத்தைப் பார்த்தாள். "சரி. சட்டப்படி உங்க முடிவுதானே."

திட்டவில்லை! போய்க் கோப்பைகளைச் சுற்றத் தொடங்கிவிட்டாள். நான் மாடிக்குப் போய் மகளுக்குப் போன் செய்தேன்.

"அம்மா என்னைத் திட்டலம்மா."

"என்னப்பா செஞ்சீங்க?"

"ஏணியைக் கொடுத்துட்டேன்."

"அந்த ஏணியையா? அதுக்கும் திட்டலையா?" மகள் பதறினாள். "காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாருங்க."

4

இந்த இடத்தில் எனக்கு அவள் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் எழுதும் மனைவி திட்டுவாள். ஐந்து பக்கத்துக்குத் திட்டும் வசனம் கைவசம் வைத்திருக்கிறேன். சும்மா இருக்கும் மனைவியை எழுத எனக்குத் தெரியாது. அதனால் முடிவுகளைத் தேடிப் போனேன்.

முதல் முடிவு: கதாநாயகன் ஓடிப்போய், மூச்சிரைக்க ஏணியைத் தோளில் சுமந்து வருகிறான். (என் முழங்காலைப் பற்றி மேலே சொன்னதை மறந்துவிடுங்கள்.)

இரண்டாவது: அவள் அழுகிறாள். அவன் அணைத்துக்கொள்கிறான். மழை. (அவள் அழமாட்டாள். மழைக்கும் இப்போது காலமில்லை.)

மூன்றாவது: புது வீட்டில் ஒருநாள் பல்பு ஃப்யூஸ் ஆகிறது. இருவரும் இருட்டில் உட்கார்ந்து

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கே சங்கடமாகிவிட்டது. பேனாவை வைத்துவிட்டு வண்டிக்காரருக்குப் போன் செய்தேன்.

"அந்த ஏணியா சார்? அதை நாங்களே வச்சுக்கிட்டோம். எங்க கொட்டகையில ஏழெட்டு லைட் ரொம்ப நாளா எரியாம கிடந்துச்சு. இப்ப பளிச்சுனு இருக்கு. வேணும்னா சொல்லுங்க, நாளைக்கு அந்தப் பக்கம் வருவேன், போட்டுட்டுப் போறேன்."

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

பார்த்தீர்களா, ஒரு போனில் முடிகிற விஷயம். ஆனால் அந்த ஏணி புது வீட்டில் நிமிர்ந்து நிற்காது. போய் நாடாவால் அளந்தும் பார்த்துவிட்டேன். ஆகவே அவளைக் கேட்க வேண்டும். அவள் 'பார்க்கலாம்' என்பாள்.

5

கேட்கவில்லை. இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். மேலே படித்தீர்களே, அந்தப் பக்கங்கள்தான். எழுதி முடித்ததைப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் காணோம்.

சமையலறையில் அவள் ஒரு கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் பகுதியால்.

"அது பழசு இல்ல" என்றேன்.

"தெரியுது. மை ஒட்டுது." கோப்பையிலிருந்து தாளைப் பிரித்து நீவினாள். "ரொம்ப நீளம்."

"ம்."

"'ஒளியின் மகள்'. அடிச்சது நல்லதாப் போச்சு."

"ம்."

"இதுல எழுதியிருக்கிறது நிஜமா? உட்கார்றதுக்குத்தான் முன்னறைக்குக் கொண்டுபோனீங்களா?"

"வேற எதுக்கு?"

அவள் தாளைக் கீழே வைத்தாள். "நீங்க யோசிச்சு முடிவு பண்ணிக் கொடுத்தீங்கன்னு நினைச்சேன். இவளுக்கு வயசாயிடுச்சு, இனிமே ஏற வேணாம்னு. சட்டப்படி உங்க உரிமை. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

எத்தனையோ முடிவுகளை யோசித்த எனக்கு இது மட்டும் தோன்றவில்லை.

"நான் யோசிச்சு முடிவு பண்ற ஆளா?" என்றேன். "என்னை இத்தனை வருஷமாத் தெரியாதா உனக்கு?"

அப்போதுதான் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு. "கதவை வேற பிடிச்சீங்களா... நிலையில இடிக்கும்னு வேற..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒரு பைத்தியம். ரெண்டு நாளா வீம்பா வாயை மூடிக்கிட்டு இருந்தேன், நீங்க எடுக்காத முடிவுக்கு."

(வாசகரே, கதையை இங்கேயே முடித்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அதோடு, சட்டம் சட்டம்தான். இந்தக் கதை என் சாமான். எது தங்க வேண்டும், எது போக வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும்.)

"வண்டிக்காரர் நாளைக்கு வருவாரு. ஏணி வேணுமா? அந்த வீடு வேணுமா? தயவுசெஞ்சு 'பார்க்கலாம்'னு மட்டும் சொல்லாத."

அவள் மூன்றாம் பகுதியை எடுத்து மறுபடியும் கோப்பையைச் சுற்றினாள். டேப்பைப் பல்லால் கடித்து ஒட்டினாள். பெட்டியில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. போன தடவையே எந்த மூலையில எந்த விளக்குன்னு பார்த்து வச்சுட்டேன். பெரிய ஏணி அங்கயே இருக்கட்டும், அவங்களுக்கு வெளிச்சம் வேணும். யோவ், நமக்கு நாலு படியில ஒண்ணு வாங்கு. நான்தான் ஏறுவேன். நீ பிடிச்சுக்கோ. பிடிக்கும்போது கதை மட்டும் யோசிக்காத."