ஏழு குடம் தண்ணீர்

"ஏலே சுடலைக்கண்ணு, இன்னும் ஏழு குடம் கொண்டாலே!"

வேலைக்காரனைப் பார்த்துத் தில்லைநாயகம் பிள்ளை போட்ட சத்தத்தில் நெல்லையப்பர் கோயில் யானை மிரண்டிருக்கும். கூடத்தில் பியானோவுக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. அதை ஜெபகனி தொட்டுவிட்டாளே!

ஜெபகனி பாளையங்கோட்டை மிஷனில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியிடம் பியானோ படித்தவள். பதினெட்டு வயதில் முந்நூறு பேர் முன்னால் கச்சேரி செய்தவள். சீமாட்டி கப்பலேறியதும் பியானோவைப் பிள்ளை ஏலத்தில் எடுத்தார். மகள் ஆவுடைத்தாய்க்குச் சொல்லிக்கொடுக்க ஜெபகனியையும் அமர்த்தினார். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தால் மட்டும் சாதி போய்விடுமா? முற்றத்தில், சன்னலுக்கு வெளியே நின்றுதான் பாடம். ஒரு பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் வரைந்து, அதில் விரலோட்டிக் காட்டுவாள். மூன்று வருஷம் இப்படியே, சத்தமில்லாத வாசிப்பு.

அன்று காலை ஜட்ஜ் துரையின் மனைவி, துரைசானி, வந்திருந்தார். அவர் முன்னால் வாசித்த ஆவுடைத்தாய் பாதியில் தடுமாறி நிறுத்திவிட்டாள். "டீச்சர் வாசிக்கட்டும்" என்றார் துரைசானி. வெள்ளைத்தோல் சொன்னால் சாஸ்திரம் சற்றே ஒதுங்கிக்கொள்ளும். ஜெபகனி உள்ளே வந்து வாசித்தாள். தெருவில் போன வண்டிகளெல்லாம் நின்றன. வண்டிக்காரர்கள் நிறுத்தவில்லை, மாடுகளே நின்றன!

"வெள்ளிக்கிழமை மதராஸ் சங்கீத சபைத் துரையோடு வருகிறேன். அவருக்குப் பிடித்தால் உனக்கு அங்கே கச்சேரி" என்று ஜெபகனியிடம் சொல்லிப்போனார் துரைசானி.

அவர் வண்டி தெரு திரும்புமுன் குடங்கள் வந்துவிட்டன.

"ஐயா, வேண்டாம்யா! உள்ள மரமும் கம்பளியும் ஊறிரும்!" என்று முற்றத்திலிருந்து கதறினாள் ஜெபகனி.

"ஒனக்கு என்னட்டி தெரியும்? பொருநைத் தண்ணி பட்டு எது கெட்டிருக்கு?" என்றார் பிள்ளை.

வெள்ளிக்கிழமை துரைசானியும் மதராஸ் துரையும் வந்தார்கள். பியானோவின் கட்டைகள் உப்பிப்போய், அழுத்தினால் எழவில்லை. பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. "ஜெபகனி, உள்ள வாம்மா. என்னமாவது வாசிம்மா" என்றார். மூன்று வருஷத்தில் முதல் 'அம்மா'.

"அங்கன இனி என்னய்யா இருக்கு?" என்ற ஜெபகனி, பலகையைச் சன்னலில் வைத்து வாசித்தாள். பத்து நிமிஷம் விரல்கள் பறந்தன. உள்ளே ஆவுடைத்தாய், செத்த பியானோவில் கூடவே விரலோட்டினாள். இரண்டிலும் ஒரு சத்தமும் இல்லை. மதராஸ் துரை இளநீரைக் குடித்து முடித்தார், கொட்டாவி விட்டார், எழுந்து போனார். மதராசும் அவரோடு வண்டியேறிப் போயிற்று.

மானம் போன பிள்ளையின் கண்ணில் அப்போதுதான் சன்னல் பட்டது.

"ஏலே, நம்ம சன்னல்ல பலகைய வச்சிட்டாளே! கொண்டா குடத்தை!"

ஜெபகனி பலகையை எடுக்கவில்லை. விரல்களையும் எடுக்கவில்லை.

"ஊத்துங்கய்யா" என்றாள். "இது கெட்டுப்போவாது."