தலைவர் பெயர் விழுந்த பீம்

லொறியிலிருந்து இறக்கிய இரும்பு பீமைப் பார்த்ததும் கிஷாந்துக்குத் தலை சுற்றியது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பீம் நெடுகச் சீரான சாம்பல் நிறம். நடுவில் மட்டும், சாண் உயரக் கறுப்பு எழுத்துகளில், 'சுந்தரலிங்கம் உபயம்'.

"இது எப்புடிடா வந்துச்சு?"

பட்டறையில் கூட்டாளியான அன்ஸாப் தலையைச் சொறிந்தான். "நீ மாத்தளைக்குப் போன நேரம் தலைவர் வந்தாரு மச்சான். எனாமல் பெயின்டும் அவரே கொண்டாந்தாரு."

"நீ பாத்துக்கிட்டு நின்னியா?"

"சும்மா நிக்கல. டின்ன நான்தான் புடிச்சேன்."

கிஷாந்த் கண்ணை மூடிக்கொண்டான். முக்குமுன் இரும்பைக் கழுவும் அமிலத் தொட்டியில் எனாமல் பெயின்ட் போகாது. அழுக்கு போகாத இரும்பில் துத்தநாகம் ஒட்டாது. கொதிக்கும் தொட்டிக்குள் பெயின்ட் கருகிப்போய், எழுத்துகள் இருந்த இடமெல்லாம் வெறும் இரும்பாக நின்றது.

தோட்டத்து ஓயா ஆற்றின் மேலிருந்த பழைய பாலம் துருவேறி, போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளையின் கால் தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு பிள்ளைகள் ரோட்டைச் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். 'வெறும் பெயின்ட் சரிவராது, துத்தநாகத்துல முக்கி கல்வனைஸ் செய்வோம்' என்று கோயில் கமிட்டியிடம் மன்றாடிச் சம்மதிக்க வைத்தவன் கிஷாந்த். வெள்ளிக்கிழமை திறப்பு. இந்தப் பாலமும் துருப்பிடித்தால் அவன் எந்த முகத்தோடு அந்தப் பக்கம் போவது?

கமிட்டித் தலைவர் சுந்தரலிங்கம் வந்தார். பீமைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"அடடா! இரும்புக்குள்ளயே பதிஞ்சிருச்சே தம்பி!"

"பதியலைங்க தலைவரே. ஒங்க எனாமல் அமிலத்துல போகாததால அந்த எடத்துல கோட்டிங்கே இல்ல. துரு அங்கதான் புடிக்கும்."

"என் பேருல துரு புடிக்குமா?"

"ஒங்க பேருல மட்டுந்தான் புடிக்கும்."

அன்ஸாப் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

"துத்தநாகம் கலந்த சிங்க் பெயின்ட் வச்சு மொத்தமா மூடிர்றேங்க," என்றான் கிஷாந்த்.

"மொத்தமாவா? பேரு மறைஞ்சிருமே! அப்ப வேணாம். இப்புடியே தூக்கி வைங்க."

"வைக்க மாட்டேன்."

தலைவர் முகம் சிவந்தது. கிஷாந்துக்கு அந்தப் பிள்ளையின் காலில் வழிந்த இரத்தம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"கமிட்டிய கூட்டுங்க. எந்த எடத்துல துரு புடிக்கும், ஏன் புடிக்கும்னு நானே சொல்றேன்."

கமிட்டி முழுக்கத் தன் பெயரையும் துருவையும் சேர்த்துப் பேசுவதைத் தலைவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். குரல் இறங்கியது. "அப்ப எழுத்து மேல மட்டும் பூசுங்க. பேரு தெரியணும்."

ஒவ்வோர் எழுத்தாகக் கம்பி பிரஷ்ஷால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்தார்கள். அதன்மேல், ஓரத்தையும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்து, சிங்க் பெயின்ட் பூசினார்கள். தலைவர் நகரவேயில்லை. "சுழி சரியா வரல தம்பி," "அந்தப் புள்ளிய உருட்டுங்க" என்று தலைமேல் நின்றார்.

"என் பேருன்னா நாலு எழுத்தோட முடிஞ்சிருக்கும்," என்று முணுமுணுத்தான் அன்ஸாப்.

கடைசிப் பூச்சும் காய்ந்தது. வேறொரு சாம்பல் நிறத்தில் பெயர் தெரிந்தது. வெறும் இரும்பு எங்கும் இல்லை. கிஷாந்த் முதுகை நிமிர்த்தினான்.

"தம்பி, 'குடும்பத்தினர்'னு ஒரு சொல் விட்டுப்போச்சே. எனாமல்லயே எழுதிரலாமா?"

"புது கல்வனைஸ் மேல எனாமல் நிக்காதுங்க. உரிஞ்சிரும்."

"என்னய்யா பெயின்ட் இது! போக வேண்டிய எடத்துல போகல, நிக்க வேண்டிய எடத்துல நிக்கலங்கிறீங்க!"

கிஷாந்த் பல்லைக் கடித்துக்கொண்டான். "வெள்ளிக்கெழம குடும்பத்தோட பாலத்துல மொதல்ல நீங்க நடங்க. ஊரே பாக்கும்."

தலைவர் தாடையைத் தடவினார். "அதுவும் சரிதான். வீட்டுல பட்டுச் சேலை கட்டச் சொல்றேன்."

அவர் அடுத்த சொல்லை யோசிப்பதற்குள் கிஷாந்த் லொறிக்காரனுக்கு போன் எடுத்தான். "இப்பவே வாங்க. பீம இன்னிக்கே தூக்கிரணும்."