இன்ஜின் சூடேறும் நேரம்

மலேசியாவில், அதுவும் இந்தக் கெடாவில் என்ன குளிர் என்று கேட்பவர்கள் ஜனவரி மாதம் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாலிங் வந்து என் லாரியை ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும். மலைப்பக்கமிருந்து இறங்கும் பனியில் கண்ணாடியெல்லாம் நனைந்து கிடக்கும். லாரிக்கு இருபத்தாறு வயது. டீசல் இன்ஜினைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்துப்போய் வெகு நாளாகிறது. முதலாளியிடம் சொன்னால், "ஓடுதுல்ல?" என்பார். ஓடும். கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே உறுமி, வெள்ளைப் புகையைக் கக்கி, சூடேறிய பிறகு ஓடும். அதற்கு முன்னால் எடுத்தால் முதல் மேட்டிலேயே படுத்துக்கொள்ளும்.

எஸ்டேட்டிலிருந்து உறைந்த ரப்பர் கட்டிப்பால் ஏற்றிப்போய்க் குருண் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இறக்குவது என் வேலை. மாலையே லோடு ஏற்றிக்கொண்டுவந்து வீட்டு முன்னால் நிறுத்திவிடுவேன். அந்த நாற்றத்தை எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நல்லவர்கள். வாரத்தில் மூன்று நாள் மனைவி நவமணியும் கூட வருவாள். வழியில் சுங்கைப்பட்டாணியில் அவளுக்கு டயாலிசிஸ். ஆறரை மணிக்கு அவள் கட்டிலில் இருக்க வேண்டும். பிந்தினால் பிந்தியதுதான், அடுத்த ஆள் அங்கே காத்திருப்பார். போன மாதம் மரம் விழுந்து சாலை அடைத்து, டயாலிசிஸில் ஒரு மணி நேரம் குறைந்துபோனது. உடம்பில் தங்கிய தண்ணீரால் மூச்சுவிட முடியாமல் இரண்டு ராத்திரி உட்கார்ந்தபடியே கிடந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

பக்கத்து வீடு நூர்தீன். டவுனில் சாப்பாட்டுக் கடை. கடையை மூடிக் கழுவிவிட்டு அவர் படுக்க மூன்று மணியாகும். ஒருநாள் சாயங்காலம் கைலியோடு வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. முகத்தில் அவ்வளவு தூக்கம்.

"வேலு அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணு அசரும்போது உங்க லாரி ஆரம்பிச்சிருது. கொஞ்சம் லேட்டா எடுக்க முடியாதாலா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நவமணி முதல் நாளே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்புறம் எல்லாரும் என்னைப் பாவம்னு பாப்பாங்க." கேட்பவர்களிடம், தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவைத்திருந்தாள். அதனால் நான், "வேலை அப்படி பாய், என்னா செய்யிறது?" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து புது வித்தை ஆரம்பித்தேன். எங்கள் தெரு மெயின் ரோட்டை நோக்கி இறக்கம். சக்கரத்துக்கு அண்டைகொடுத்த கட்டையை எடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டால் லாரி சத்தமில்லாமல் தானாக இறங்கும். கீழே பூப்பந்து கோர்ட் பக்கம் நிறுத்தி அங்கே சூடேற்றுவேன். நவமணியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதால் அவளும் இருட்டில் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். இன்ஜின் ஓடாத லாரியின் பிரேக் பாறை மாதிரி இறுகிவிடும், ஸ்டீயரிங்கும் அதே கதைதான். முப்பது வருஷம் ஓட்டியவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் இரண்டு வாரம் செய்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிய விடியத் தூறல். பனியில் பத்தடி தெரியவில்லை. வளைவில் நான் நினைத்ததைவிட லாரி வேகமாகப் போனது. பிரேக்கில் ஏறி நிற்காத குறையாக மிதித்தேன். முன் சக்கரம் தெருவோர லோங்காங்கில் இறங்கி, லாரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நவமணி கதவோடு ஒட்டிக்கிடந்தாள். அடி இல்லை. முதலில் மணியைத்தான் பார்த்தாள். ஐந்து பத்து.

சாக்கடையில் கிடக்கும் லாரியை எழுப்ப டிராக்டர் வேண்டும், அது வர எட்டு மணியாகும். அந்த நேரத்தில் பாலிங்கில் வாடகைக் காரும் கிடையாது. அவளை இறக்கி ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு மேட்டில் ஏறினேன். யாருடைய தூக்கம் கெடக் கூடாதென்று இவ்வளவும் செய்தேனோ அவர் கதவைத்தான் தட்டினேன்.

சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னேன். நூர்தீன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்.

"மூணு வருஷமாவா?"

"ஆமா பாய்."

"வேலைன்னுதானேண்ணே சொன்னீங்க." அவ்வளவுதான் சொன்னார். உள்ளே திரும்பி, "எழுந்திரும்மா. அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போகணும்" என்றார். அவர் மனைவி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஒரு போர்வையோடு வந்தார். கார் போன பிறகு நான் லாரிப் பக்கத்தில் நின்றேன். வெட்கத்தில் உடம்பு நடுங்கியது. குளிர் என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கெல்லாம் கட்டிலில் ஏற்றிவிட்டதாக நூர்தீன் போன் செய்தார். முடியும்வரை இருவரும் அங்கேயே காத்திருந்து மத்தியானம் அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். நவமணி முகம் தெளிந்திருந்தது. எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது, மறைப்பானேன்.

"அவங்க கார் சௌகரியமோ?" என்றேன்.

"ஏறினதும் தூங்கிட்டேங்க. சுங்கைப்பட்டாணி வந்ததே தெரியல."

"நம்ம லாரியில தூங்க வேண்டாம்னு யாரு சொன்னா?"

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நான் கண்ணை மூடினா நீங்களும் மூடிருவீங்க. கூப்பாங் பக்கத்துல ரெண்டு தடவை மூடினீங்க. நான்தான் ஏதாச்சும் கேட்டு எழுப்பினேன்."

எனக்கு நினைவில்லை. அவள் ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள் என்பதுதான் நினைவிருந்தது, வாயை மூடிக்கொண்டு வா என்று எரிந்து விழுந்ததும். மூன்று வருஷமாக நான் அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.